நீர்க்குழாய்களின் ஓசையும் பரிகாரமும்

விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டபொழுது, தமிழாசிரியரிடமிருந்து இலக்கியம் பற்றியோ இலக்கணம் பற்றியோ ஏதேனும் வரும் என்றே எதிர்பார்த்திருப்பர். யாமோ வீட்டு நீர்க்குழாய்கள் எழுப்பும் ஓசை பற்றி எழுதப் புகுந்தோம். இத்துறையிற் கற்றுத் தேர்ந்தவரல்லர் யாம். பிழையான முடிபு ஒன்றினால் எம் வீட்டில் ஒரு சுவர் வீணே உடைபட்டது; அம்முடிபினால் நேர்ந்த தாமதத்தால் அடுக்களைத் தளமும் தாழ்ந்தது. எழுதுவதற்கு எமக்குள்ள தகுதி அவ்வளவே.

முதற்கண் ஒரு சொல் விளக்கம். நீண்டு செல்வதும் 'பைப்', திறந்து பூட்டுவதும் 'பைப்' என எம்மவர் பேச்சில் இரண்டற்கும் ஒரே பெயர் வழங்குகின்றது. மயக்கம் நேராவண்ணம் நீண்டு செல்வதைக் குழாய் என்றும், திறந்து மூடும் வாயைத் திருகு என்றும் ஈண்டு வழங்குவோம்.

துலாவும் பட்டையும் கொண்டு நீர் இறைத்த காலத்திலும் கிணற்றடியில் ஓசை இருந்தது. துலா கிறீச்சிட்டது, பட்டை கிணற்றுக் கட்டில் மோதியது. ஆயின் அவையெல்லாம் கண்முன் நிகழ்ந்தமையால் காரணம் தேடவேண்டிய தேவை இருக்கவில்லை. இன்று நீர் செல்லும் வழி சுவருக்குள்ளும் தளத்தின் கீழும் மறைந்து கிடக்கின்றது. ஓசை மாத்திரமே வெளியே வருகின்றது. அது புறப்பட்ட இடத்திலேயே கேட்கும் என்பதற்கும் உறுதியில்லை.

சென்ற ஆண்டு புரட்டாதி மாதத்தில் எம் வீட்டில் நிகழ்ந்தது இது. இரவு ஏறத்தாழ இரண்டு மணியளவில், எம் மாமியார் படுக்கும் அறைச் சுவரினுள் 'தொம்' என்று ஓர் ஓசை எழுந்தது. ஒரே ஓர் அடி, பின்னர் அமைதி. மறுநாள் இரவும் அவ்வாறே. மூன்றாம் நாள் அவர் சுவரடியில் திருநீறு தூவிவிட்டுப் படுத்தார். நாலாம் நாள் உறக்கமின்றி வந்து, "தம்பி, இது ஆரோ தட்டுற சத்தம்தான்" என்றார். யாம் பேய் பிசாசு என்று கொள்ளாது அறிவியல் நெறியில் ஆராய்வதாக எண்ணிக்கொண்டு, அச்சுவருக்குள் மேலே நீர்த்தாங்கிக்குச் செல்லும் இரும்புக் குழாய் ஒன்று இருப்பதை நினைவுகூர்ந்து, குழாய் வெடித்துவிட்டது என முடிவு கட்டினோம். மேசன் வந்தார். சுவர் நான்கடி உயரத்துக்கு உடைபட்டது. உள்ளே குழாய் துருவுமின்றி ஈரமுமின்றிச் செம்மையாக இருந்தது. அன்றிரவும் இரண்டு மணிக்கு ஓசை வந்தது; சுவர் திறந்திருந்தமையால் முன்னையிலும் உரக்கக் கேட்டது.

அதன் பின்னரே எம் பழைய மாணவர் ஒருவரை அழைத்தோம். ஒன்பதாம் வகுப்பில் எம்மிடம் தமிழ் படித்தவர். இன்று குழாய் வேலையிற் கைதேர்ந்தவர். அவர் ஆயுதப் பையைத் திறக்கவில்லை. திண்ணையில் இருந்துகொண்டு கேட்டார்: "சேர், சத்தம் எண்டு மட்டும் சொன்னாக் காணாது. 'படார்' எண்டோ, 'தடதட' எண்டோ, 'உஸ்' எண்டோ? திறக்கேக்கையோ, பூட்டேக்கையோ, சும்மா கிடக்கேக்கையோ?"

இரட்டைக்கிளவியும் ஒலிக்குறிப்பும் ஆண்டுதோறும் கற்பிக்கும் எமக்கு இவ்வினா நாணத்தைத் தந்தது. மொழி எத்தனையோ ஓசைப் பெயர்களை வைத்திருக்க, யாம் வெறுமனே 'சத்தம்' என்று சொல்லி மேசனை அழைத்திருந்தோம். ஓசை எத்தகையது, எப்பொழுது வருகின்றது என்னும் இரண்டையும் அறிந்தால் காரணம் பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும். அவர் அன்று சொன்னவற்றையும், பின்னர் யாம் படித்து அறிந்தவற்றையும் சேர்த்து இங்கே கூறுவோம்.

திருகைச் சட்டென மூடிய கணத்தில் 'படார்' என ஓர் அடி விழுமாயின் அது நீர்ச் சம்மட்டி எனப்படும். இதுவே எல்லாவற்றுள்ளும் வலியது. நீரைக் காற்றைப்போல எளிதில் அமுக்க இயலாது. முக்கால் அங்குலக் குழாய் ஒன்று இருபது மீற்றர் நீளம் இருப்பின் அதனுள் ஆறு கிலோகிராமுக்கு மேல் நீர் நிற்கும். திருகு திறந்திருக்கும்போது அவ்வளவு நீரும் ஒரு கோலைப்போல ஒருங்கே ஓடுகின்றது. மணி அடித்ததும் வகுப்பை விட்டு வரிசையாக ஓடிவரும் மாணவருள் முன்னவன் வாசலிற் சட்டென நின்றால் பின்வருவோர் யாவரும் ஒருவர்மேல் ஒருவர் மோதுவர் அன்றோ? நீரும் அவ்வாறே. அம்மோதல் ஓர் அழுத்த அலையாகத் திருகிலிருந்து தாங்கியை நோக்கிப் பின்னே ஓடி, அங்கிருந்து மீண்டு வருகின்றது.

இவ்வலையின் அளவைக் கணித்து நிறுவியவர் உருசிய நாட்டு அறிஞர் நிக்கொலாய் ஜுக்கோவ்ஸ்கி. 1897, 1898ஆம் ஆண்டுகளில் மொஸ்கோ நகர நீர்க்குழாய்களில் அவர் செய்த பரிசோதனைகளிலிருந்து பெறப்பட்ட விதி இன்றும் பொறியியலாளர் கைக்கொள்வதாகும். அவ்விதிப்படி, இரும்புக் குழாயில் விநாடிக்கு ஒரு மீற்றர் வேகத்தில் ஓடும் நீர் கணப்பொழுதில் முற்றாகத் தடுக்கப்பட்டால், சதுர சென்ரிமீற்றர் ஒன்றுக்கு ஏறக்குறைய 13 கிலோகிராம் அழுத்தம் புதிதாக எழும். ஆறு மீற்றர் உயரத்தில் வைத்த தாங்கி தரும் அழுத்தம் 0.6 கிலோகிராமே என்பதை இதனோடு ஒப்பு நோக்குக. இருபது மடங்குக்கு மேற்பட்டது. பீ.வீ.சீ. குழாய் சற்றே விரிந்து கொடுப்பதால் அதில் எழுவது 4 அல்லது 5 கிலோகிராம் அளவினது. இம்முழு அளவும் தோன்றுவதற்குத் திருகு விநாடியின் மிகச் சிறு பங்கில் மூடப்படல் வேண்டும். கையால் மூடுவோர்க்கு அஃது இயலாது. எனினும் அதன் ஒரு பங்கு வந்தாலும் போதும், மூட்டுகள் நாளடைவில் தளர்ந்துவிடும்.

பலமுறை சுற்றி மூடும் பழைய திருகுகள் இருந்த வீடுகளில் இவ்வோசை அரிதாகவே இருந்தது. காற் சுற்றில் மூடும் பிடித்திருகும், சலவை யந்திரமும் வந்த வீடுகளில் இது பெருகியுள்ளது. சலவை யந்திரத்தின் மின்வால்வு கையினும் பன்மடங்கு விரைவாக மூடுகின்றது. இதனோடு இன்னொன்றும் உண்டு. தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024ஆம் ஆண்டு திறக்கப்பட்டபின் குடாநாட்டில் வீதிக்குழாய் நீர் பெறும் வீடுகள் கூடியுள்ளன. எம் கூரைத் தாங்கிகளின் மெலிந்த அழுத்தத்துக்குப் பழகிய பழைய குழாய்களில் வீதி நீரை நேரே இணைத்தால், அதுவரை ஊமையாய்க் கிடந்த குழாயும் பேசத் தொடங்கலாம்.

பரிகாரம் பல. மெதுவாக மூடுதல் செலவற்றது. ஆயினும் பிள்ளைகள் உள்ள வீட்டில் அதனை நம்பியிருத்தல் இயலாது. அக்குழாய்க்கு நீர் விடும் கேற் வால்வைச் சற்றுக் குறைத்து வைத்தால் நீரின் வேகம் தணியும். வேகம் பாதியானால் அடியும் பாதியாகும். மூன்றாவது, திருகுக்கு அண்மையில், குழாயிலிருந்து மேல்நோக்கி ஓரடி முதல் ஒன்றரையடி உயரத்துக்கு ஒரு குழாய்த்துண்டைப் பொருத்தி உச்சியை மூடிவிடுதல். அதனுள் அடைபட்ட காற்று மெத்தைபோல் இருந்து அடியை வாங்கிக்கொள்ளும். ஆயின் அக்காற்று சிறிது சிறிதாக நீரிற் கரைந்து போகும்; சில மாதங்களில் துண்டு முழுவதும் நீர் நிரம்பி, ஓசை மீண்டும் வரும். அப்பொழுது தாங்கியின் வால்வைப் பூட்டி, திருகுகளையெல்லாம் திறந்து நீரை முற்றாக வடியவிட்டால் காற்று திரும்பப் புகும். காற்றையும் நீரையும் ஒரு தட்டினாற் பிரித்து வைத்த சிறு கலங்களும் கடைகளில் உள. அவற்றுக்கு இத்தொல்லை இல்லை.

விஞ்ஞானம் பயிலும் மாணவர்க்கு ஒரு செய்தி. நாம் தொல்லை என்று கருதும் இவ்வடியையே கொண்டு நீரை மேலேற்றியோரும் உளர். இங்கிலாந்தில் ஜோன் வைற்ஹேஸ்ட் என்பவர் 1772இல், தாழ்ந்த இடத்துத் திருகைத் திறந்து மூடும்போது எழும் மோதலால் உயரத்திலுள்ள தொட்டிக்கு நீர் ஏறுமாறு செய்தார். பலூன் பறக்கவிட்டுப் புகழ்பெற்ற சகோதரருள் ஒருவரான யோசப் மொங்கொல்பியே 1796இல் பிரான்சில் அதனைத் தானே இயங்கும் யந்திரமாக்கினார். எண்ணெயும் மின்சாரமும் வேண்டாத அந்த யந்திரம் இன்றும் மலைநாடுகளில் 'தொக் தொக்' என அடித்துக்கொண்டே நீரேற்றுகின்றது. ஓடும் நீர் வேண்டுமாதலால் எம் கிணறுகளுக்கு அது பொருந்தாது.

இனி, திருகைத் தொடாதபோதும், நீரிறைக்கும் மோட்டர் நின்ற கணத்தில் 'தொம்' என்னும் ஓசை எழுதல் உண்டு. மோட்டர் மேலே தள்ளிக்கொண்டிருந்த நீர், அது நின்றதும் கீழே திரும்பி விழுகின்றது. அவ்வாறு விழாமல் தடுக்கும் தடை வால்வு அந்நேரம் அறைந்து மூடுகின்றது. பழுதுற்ற வால்வாயின் பிந்தி மூடும். பிந்தியதால் நீர் வேகம் பெற்றுப் பேரடியாக விழும். வில் பொருத்திய தடை வால்வு நீர் திரும்புமுன்னரே மூடுவதால் இவ்வடியைப் பெரிதும் குறைக்கும்.

எம் வீட்டு ஓசை இதுவே. இரும்பும் நீரும் ஓசையை நெடுந்தூரம் கடத்துவன. கிணற்றடியில் விழுந்த அடி, குழாய் வழியே வந்து மாமியாரின் அறைச் சுவரில் ஒலித்தது. ஆயின் எம் பழைய மாணவர் இவ்வளவில் நிற்கவில்லை. "அது கிடக்கட்டும் சேர், ராத்திரி ரெண்டு மணிக்கு மோட்டர் ஏன் ஓடுது?" என்றார். எம் தாங்கியில் நீர் குறைந்தவுடன் மோட்டரைத் தானே இயக்கும் மிதவைச் சுவிச்சு உண்டு. மாலையில் நிரம்பிய தாங்கி, எல்லாரும் உறங்கும் வேளையில் ஏன் குறைதல் வேண்டும்? அவ்வினா எமக்குத் தோன்றவேயில்லை. முந்திய மாதத்து மின்கட்டணச் சீட்டு கூடியிருந்ததைக் கண்டும் யாம் மின்விசிறியையே குறை கூறியிருந்தோம்.

அன்றிரவு மோட்டரின் சுவிச்சைப் பூட்டிவிட்டு, தாங்கியுள் ஒரு கோலை விட்டு நீர்மட்டத்தை அளந்து குறித்தோம். விடியற்காலையில் ஒரு சாணுக்கு மேல் குறைந்திருந்தது. மறுநாள் இரவு அடுக்களைக்குச் செல்லும் வால்வை மாத்திரம் மூடிவைத்து அளந்தோம், மட்டம் குறையவில்லை. ஆகவே ஒழுக்கு அடுக்களைப் பக்கத்தில். வால்வை மீண்டும் திறந்து, திருகுகள் யாவும் பூட்டியிருக்க, நீண்ட திருப்புளியின் நுனியைத் தளத்தில் ஊன்றி அதன் பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்கச் சொன்னார். மருத்துவர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்பதுபோல் யாமும் இடம் மாற்றி மாற்றிக் கேட்டோம். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே 'உஸ்' என்னும் மெல்லிய சீறல் தெளிவாகக் கேட்டது. தளத்தைத் தோண்டியபோது, பீ.வீ.சீ. மூட்டு ஒன்று பிளந்து, மணிக்கு முப்பது லீற்றர் அளவில் நீர் மண்ணிற் கசிந்துகொண்டிருந்தது. கீழே மண் கரைந்து பொந்தாகி, தளத்தின் ஒரு மூலை ஓர் அங்குலம் இறங்கியிருந்தது. யாம் சுவரை உடைத்துக்கொண்டிருந்த இரண்டு வாரத்திலும் அப்பொந்து பெருத்துக்கொண்டிருந்தது.

திருகுகள் எல்லாம் பூட்டியிருக்கும்போது கேட்கும் சீறலை ஒருபோதும் அலட்சியம் செய்யற்க. திறந்திருக்கும்போது சீறினால், குறுகிய வழியில் நீர் விரைந்து செல்கின்றது என்பதே பொருள்; பாதி மூடிய வால்வையும், சுண்ணப் படிவு அடைத்த இடத்தையும் பார்த்தாற் போதும். குடாநாட்டின் நிலத்தடி சுண்ணக்கல்லாதலால் எம் கிணற்று நீர் கடின நீர். தேநீர்க் கேத்தலுள் வெண்மையாகப் படிவது திருகுகளுள்ளும் படிகின்றது.

நீர் ஓடிக்கொண்டிருக்கும்போது 'தடதட' எனக் குழாய் சுவரிலடித்தால் அதனைப் பிடிக்கும் கிளிப்புகள் கழன்றுள்ளன. பீ.வீ.சீ. குழாய்க்கு இரண்டு மூன்று அடிக்கு ஒன்றும், இரும்புக் குழாய்க்கு ஆறடிக்கு ஒன்றும் வேண்டும். திருகைப் பாதி திறக்கையில் உறுமி, முழுதும் திறக்கையில் அடங்கினால், உள்ளே வாசர் தளர்ந்து துடிக்கின்றது. சில ரூபாவில் முடியும் வேலை. தாங்கி நிறையும் தறுவாயில் 'ஊ' என நெடுங்குரல் எழுந்தால் அது மிதவை வால்வின் ஓசை. நீரின் சிற்றலையில் மிதவை ஏறி இறங்க, வால்வு நொடிதோறும் திறந்து மூடி நடுங்குகின்றது. மிதவைத் தண்டிலிருந்து ஒரு பிளாஸ்ரிக் தட்டை நீருள் அமிழ்ந்திருக்கும்படி தொங்கவிட்டால் ஆட்டம் அடங்கும். வாசரையும் மாற்றிவிடல் நன்று.

திருகு இருமித் துப்பினால் குழாயுள் காற்றுப் புகுந்துள்ளது. கோடையில், ஆவணி புரட்டாதியில், கிணற்று மட்டம் தாழ்ந்து, உறிஞ்சு குழாயின் அடிவால்வு நீருக்கு வெளியே தெரியும் காலத்தில் இது பெரிதும் நிகழும். அப்பொழுது மோட்டர் நீரின்றி ஓடுகின்றது. விரைவிலே சூடேறிப் பழுதாகும். மோட்டரின் உள்ளே சரளைக் கல் உருளுவதுபோல் ஓசை வருமாயின், தன்னால் இயன்றதிலும் ஆழத்திலிருந்து நீரை இழுக்க முயல்கின்றது எனக் கொள்க. நிலத்தின்மேல் வைத்த மோட்டர் ஏறத்தாழ ஏழு மீற்றருக்குக் கீழிருந்து நீரை உறிஞ்சுதல் அரிது. மோட்டரைத் தாழ வைப்பதே வழி.

கூரைமேல் வெயிலில் கிடக்கும் பீ.வீ.சீ. குழாய் நண்பகலிலும் மாலையிலும் 'டிக் டிக்' என்னும். பத்து மீற்றர் குழாய் முப்பது பாகை சூடேறினால் ஏறக்குறைய இருபது மில்லிமீற்றர் நீளும்; மாலையில் மீண்டும் சுருங்கும். கிளிப்பில் உரசி நகரும் ஓசையே அது, தீங்கில்லை. கிளிப்பை இறுக்கி அதனை அடக்க முயல்வோர் குழாயை வளையச் செய்து மூட்டைப் பிளப்பர். அடுக்களையில் எமக்கு நேர்ந்த பிளவும் அத்தகையதோ என ஐயுறுகின்றோம். அம்மூட்டின் இருபுறமும் சீமெந்து இறுகப் பிடித்திருந்தது.

ஓர் எச்சரிக்கை. பழைய வீடுகள் சிலவற்றில் மின்னிணைப்பின் புவிக்கம்பியை இரும்பு நீர்க்குழாயிற் கட்டியிருப்பர். ஓசைக்கு அஞ்சி இரும்பை அகற்றிப் பீ.வீ.சீ. இடுவோர் அக்கம்பியின் வழியையும் அறுத்துவிடுகின்றனர், பீ.வீ.சீ. மின்னைக் கடத்தாது. பின்னர் எங்கேனும் மின்ஒழுக்கு நேர்ந்தால் உயிர்க்கே ஆபத்து. ஆதலின் குழாயை மாற்றுமுன் மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு புவிக்கம்பி எங்கே செல்கின்றது என்பதைப் பார்த்துக்கொள்க.

எம் வீட்டில் மூட்டு மாற்றப்பட்டது. கிணற்றடியில் வில் பொருத்திய தடை வால்வு இடப்பட்டது. மாமியார் உறங்குகிறார். சுவரில் பூசிய புதிய சாந்து மட்டும் பழையதோடு நிறம் ஒவ்வாது நிற்கின்றது.

விடுதியில் இருந்து படித்த பழைய மாணவர், உணவு மண்டபத்துக்கு வெளியே கை கழுவும் வரிசையில் மூன்றாவது திருகை மறந்திரார். பாதி திறந்தால் எருமை கனைப்பதுபோல் உறுமும். புதிதாய் வந்த மாணவரை அதனைத் திறக்கச் செய்து சிரித்த தலைமுறைகள் பல. விழாவுக்கு முந்திய வாரம், மேற்சொன்ன பழைய மாணவரோடு யாமும் போய் அதனைக் கழற்றிப் பார்த்தோம். வாசர் தேய்ந்து, அதனைப் பிடிக்கும் சிறு சுரையும் கழன்று கிடந்தது. மாற்றுவதற்குப் பத்து நிமிடமும் ஆகவில்லை. திருகு இப்பொழுது ஓசையின்றி ஓடுகின்றது. விடுதி மாணவர் சிலர் எம்மீது மனக்குறை கொண்டுள்ளனர் என்று கேள்வி.